அரிவாள் செல், மலேரியா, ஆண்டனி ஆலிசன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீலகிரிப் பக்கம் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பல வருடமாக வேலை பார்க்கிறேன். ‘சிக்கிள் பாசிட்டிவ்’, அதாவது ரத்தத்தில் அரிவாள் செல் உண்டு என்ற ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும் ஆட்கள் கேட்கும் முதல் கேள்வி, “எங்க ரத்தம் கெட்ட ரத்தமா?” என்பதுதான். இல்லை என்று ஒரு வார்த்தையில் சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஏன் இல்லை என்பதற்கான பதில் கிழக்கு ஆப்பிரிக்காவில் இருக்கிறது. அதைத் தேடிக் கண்டவர் ஆண்டனி ஆலிசன் என்ற மருத்துவர். அவரைப் பற்றியும் அவர் தொட்ட விஷயத்தைப் பற்றியும் நோயாளிகளின் வீட்டாரும், கல்லூரிப் பிள்ளைகளும், நர்ஸ் அக்காமாரும் என்னிடம் கேட்டவற்றை இங்கே சேர்த்து வைக்கிறேன்.

யார் இந்த ஆலிசன்?

1925ல் தென்னாப்பிரிக்காவில் பிறந்தார். வளர்ந்தது கென்யாவில், கில்கில் பகுதியில், ரிஃப்ட் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி இருந்த ஒரு பண்ணையில். வெள்ளைக்காரக் குடியேறிகள் வீட்டுப் பிள்ளை. யாருக்கு நிலம், யாருக்குப் படிப்பு என்பதைத் தோலின் நிறம் முடிவு செய்த காலம் அது. அவருக்குத் திறந்த கதவு அதே வயது கறுப்பின லுவோ பையனுக்கோ கிக்குயு பையனுக்கோ திறந்திருக்காது. இதைச் சொல்லாமல் அவர் கதையைச் சொல்வது நியாயமில்லை.

ஜோகன்னஸ்பர்க்கில் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு ஆக்ஸ்ஃபோர்டுக்கு மருத்துவம் படிக்கப் போனார். 1949ல், டாக்டர் பட்டம் வாங்கும் முன்பே, கென்ய மலைக்குப் போன ஆக்ஸ்ஃபோர்டு பயணக் குழுவில் சேர்ந்தார். மற்றவர்கள் செடியையும் பூச்சியையும் தேட, இவர் மனிதர்களின் ரத்தத்தைச் சேகரித்தார். கிழக்கு ஆப்பிரிக்க மக்களின் ரத்த வகைகளைப் பட்டியலிடுவதுதான் திட்டம். கூடவே அரிவாள் செல் சோதனையையும் சேர்த்துக்கொண்டார். வாழ்நாள் முழுக்கப் பேசப்பட்டது, கூடவே சேர்த்துக்கொண்ட அந்தச் சோதனைதான்.

அரிவாள் செல் என்றால் என்ன? கேரியர் வேறு, நோய் வேறா?

ஆக்சிஜனைச் சுமப்பது சிவப்பணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபின். அதன் பீட்டா சங்கிலி 146 மணிகள் கோத்த மாலை. ஒவ்வொரு மணியும் ஓர் அமினோ அமிலம். ஆறாவது இடத்தில் குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வேலின் வந்துவிட்டால் அது எஸ் வகை ஹீமோகுளோபின். மாற்றம் அவ்வளவுதான். எஸ் வகை ஹீமோகுளோபின் ஆக்சிஜனை இறக்கி வைத்ததும் ஒன்றோடொன்று ஒட்டி, கம்பி கம்பியாக நீள்கிறது. தட்டையாக, வட்டமாக, மெத்தென்று இருந்த சிவப்பணு விறைத்து வளைந்துபோகிறது. அரிவாள் என்றதும் வெட்டரிவாளை நினைக்க வேண்டாம், இது கதிர் அறுக்கும் பண்ணரிவாள். விறைத்த செல்கள் சின்ன ரத்தக் குழாய்களில் போய் அடைத்துக்கொள்ளும். அதனால் எலும்புக் குடைச்சல், கைக்குழந்தைக்குக் கை கால் வீக்கம், சோகை, கண் மஞ்சளாவது, சில பிள்ளைகளுக்குப் பக்கவாதம்கூட வரும்.

இந்த மரபணு நமக்கு அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று இரண்டாக வருகிறது. இரண்டும் எஸ் என்றால் நோய். ஒன்று மட்டும் எஸ் என்றால் கேரியர். கேரியர் சாதாரணமாக நடமாடுவார், வேலை செய்வார், கிழவராகும்வரை வாழ்வார். தான் கேரியர் என்பதே பலருக்குத் தெரியாது. கேரியர் இருவர் சேர்ந்து பிள்ளை பெற்றால், ஒவ்வொரு பிரசவத்திலும் நோயோடு பிறக்கும் வாய்ப்பு நாலில் ஒன்று, கேரியராகப் பிறக்கும் வாய்ப்பு நாலில் இரண்டு. இந்த வித்தியாசம் மனதில் பதியாவிட்டால் கீழே வரும் எதுவும் விளங்காது.

1949 பயணத்தில் அவர் என்ன பார்த்தார்?

விக்டோரியா ஏரிக்கரையிலும் இந்தியப் பெருங்கடல் ஓரத்திலும் சோதித்தவர்களில் நூற்றுக்கு இருபது பேருக்கு மேல் கேரியர்கள். இடையில் இருக்கும் மேட்டு நிலத்தில், கென்ய மலைச் சரிவுகளில், நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை.

ஏரிக்கரையின் லுவோ மக்கள் பேசுவது நிலோட்டிக் குடும்ப மொழி. கடற்கரை மக்கள் பேசுவது பாண்டு மொழிகள். மொழியிலும் வம்சத்திலும் தூரத்து ஆட்கள், ஆனால் இரண்டு இடத்திலும் எஸ் ஏராளம். மலையில் இருக்கும் கிக்குயு மக்களும் பாண்டு மொழிக்காரர்கள்தான், அவர்களிடம் எஸ் இல்லை என்றே சொல்லலாம். ரத்தத்தைப் பிரிப்பது இனம் என்றால் கடற்கரையும் கிக்குயுவும் ஒரு பக்கம் நிற்க வேண்டும். அப்படி நிற்கவில்லை. பிரித்தது உயரம். தாழ்ந்த, ஈரமான, கொசு மொய்க்கும் நிலத்தில் எஸ் இருந்தது. குளிர்ந்த மேட்டில் இல்லை. “கெட்ட ரத்தமா?” என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லத் தொடங்குவது இந்த இடத்திலிருந்துதான்.

அதில் என்ன புதிர்? பரவியிருக்கிறது, அவ்வளவுதானே?

இல்லை. அந்தக் காலத்தில் நோயோடு பிறந்த ஆப்பிரிக்கக் குழந்தைகளில் பெரும்பாலானவை வளர்ந்து பிள்ளை பெறும் வயதை எட்டவில்லை. ஒவ்வொரு குழந்தை சாகும்போதும் இரண்டு எஸ் பிரதிகள் அந்த ஊரிலிருந்து போகின்றன. தலைமுறை தலைமுறையாக இப்படிப் போய்க்கொண்டே இருந்தால் எஸ் கரைந்து காணாமல் போயிருக்க வேண்டும். உகாண்டாவின் அம்பா மக்களிடமோ நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் கேரியர்கள் என்று 1949லேயே லேமன், ரேப்பர் என்ற ஆய்வாளர்கள் எழுதியிருந்தார்கள். ஒரு கையால் இவ்வளவு எடுக்கிற இயற்கை மறுகையால் எதையோ கொடுத்தாக வேண்டும். அது என்ன என்பதுதான் புதிர். கேரியர்களை மலேரியா கொல்லாமல் விடுகிறது என்பது ஆலிசனின் ஊகம்.

ஊகத்தை எப்படி நிரூபித்தார்?

படிப்பை முடித்துவிட்டு 1953ல் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குத் திரும்பினார். யாரிடம் பார்ப்பது என்பதில் அவர் காட்டிய கவனம்தான் முக்கியம். மலேரியா உள்ள ஊரில் பெரியவர்களுக்கு, பல தடவை காய்ச்சல் வந்து வந்து, எதிர்ப்புச் சக்தி ஏறியிருக்கும். அவர்கள் ரத்தத்தில் கேரியருக்கும் மற்றவருக்கும் வித்தியாசம் தெரியாது. பச்சைக் குழந்தைக்கோ தாயிடமிருந்து வந்த பாதுகாப்பு சில மாதம் இருக்கும். இடைப்பட்ட பிள்ளைகள்தான் மலேரியாவின் வாயில் நேராக நிற்பவர்கள். ஆகவே கம்பாலாவைச் சுற்றியுள்ள கண்டா இனக் குழந்தைகளில் ஐந்து மாதம் முதல் ஐந்து வயது வரை உள்ளவர்களை எடுத்தார்.

மொத்தம் 290 குழந்தைகள். கேரியர் 43 பேர், அவர்களில் 12 பேர் ரத்தத்தில் மலேரியா ஒட்டுண்ணி, அதாவது 27.9%. மற்ற 247 பேரில் 113 பேரிடம், அதாவது 45.7%. ஒட்டுண்ணி இருந்த கேரியர் குழந்தைகளிடமும் அதன் அடர்த்தி குறைவாகவே இருந்தது. எண்ணிக்கை சின்னதுதான், இன்றைய கணக்கில் யாரும் இத்தோடு நிறுத்தமாட்டார்கள். ஆனால் சரியான வயதில், சரியான இடத்தில் எடுத்த சின்ன எண்ணிக்கை, தவறான இடத்தில் எடுத்த பெரிய எண்ணிக்கையைவிடப் பேசும்.

கூடவே கிழக்கு ஆப்பிரிக்காவில் முப்பது இனங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 5,000 பேரைச் சோதித்து, எங்கே மலேரியா உண்டோ அங்கே எஸ் உண்டு என்ற வரைபடத்தை முடித்தார். 1954ல் மூன்று கட்டுரைகள் வந்தன. அவருக்கு அப்போது முப்பதுகூட ஆகவில்லை.

அந்தச் சோதனையை எப்படிச் செய்வார்கள்?

இன்றைக்கும் செய்யக்கூடியதுதான், செலவு மிகக் குறைவு. விரல் நுனியைக் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடி ஸ்லைடில் வைப்போம். அன்றைக்கே புதிதாகக் கரைத்த சோடியம் மெட்டாபைசல்ஃபைட் கரைசலில் ஒரு சொட்டை அதோடு சேர்த்து, கவர்ஸ்லிப்பால் மூடி, காற்று நுழையாதபடி ஓரத்தைச் சுற்றி வாஸ்லின் தடவிவிடுவோம். கரைசல் ரத்தத்தில் உள்ள ஆக்சிஜனை உறிஞ்சிவிடும். பிறகு காத்திருக்க வேண்டும். அரை மணி நேரம் கழித்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், முதலில் ஒரு செல்லின் ஓரம் முள் மாதிரி நீளும். அடுத்து பக்கத்துச் செல். கொஞ்ச நேரத்தில் பார்வை வட்டம் முழுக்கப் பிறையும் முள்ளுமாகிவிடும். ஆலிசன் பயன்படுத்தியதும் இதே ரசாயனம்தான். ஒன்றை மறக்கக் கூடாது. கேரியர் ரத்தமும் இந்த ஸ்லைடில் வளையும், நோயாளி ரத்தமும் வளையும். இரண்டையும் பிரிக்க, ஹீமோகுளோபின் வகைகளைத் தனித்தனியாகக் காட்டும் எலக்ட்ரோஃபோரசிஸ் அல்லது எச்பிஎல்சி சோதனை வேண்டும். ஸ்லைடை மட்டும் பார்த்துவிட்டு ‘நோய்’ என்று சொல்லிவிட்டதால் அழுதுகொண்டு வந்த ஒரு தாயை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளை வெறும் கேரியர்.

வேண்டுமென்றே மனிதர்களுக்கு மலேரியாவை ஏற்றினார் என்கிறார்களே?

உண்மை. நைரோபியில் மலேரியா இல்லை. அங்கே குறைந்தது பதினெட்டு மாதமாக இருந்த லுவோ ஆண்கள் முப்பது பேர், கேரியர் 15, அல்லாதவர் 15. இவர்களுக்கு ஒட்டுண்ணியை ரத்தம் வழியாகவோ கொசுக்கடி வழியாகவோ செலுத்தினார். கேரியர் அல்லாதவர்களில் 14 பேருக்கு மலேரியா பிடித்தது. கேரியர்களில் 2 பேருக்கு மட்டும். நாற்பது நாள் கவனித்த பின் மருந்து கொடுக்கப்பட்டது.

அவர்கள் தாமாக முன்வந்தவர்கள் என்றே கட்டுரை சொல்கிறது. ஆனால் அது 1953. கென்யாவில் காலனி அரசு அறிவித்த நெருக்கடி நிலை நடந்துகொண்டிருந்தது. ஒரு கறுப்பினத் தொழிலாளி வெள்ளை டாக்டரின் முகத்தைப் பார்த்து ‘முடியாது’ என்று எவ்வளவு தூரம் சொல்லியிருக்க முடியும்? பரிசோதிக்கப்படுபவரின் சம்மதம் முழு மனதோடு வர வேண்டும் என்று, நாஜி டாக்டர்கள் மீது நடந்த வழக்கில் பிறந்த நூரெம்பர்க் நெறி 1947லேயே சொல்லியிருந்தது. அந்த முப்பது பேரில் ஒருவர் பெயர்கூட மருத்துவ வரலாற்றில் இல்லை. அறிவு அவர்கள் உடம்பிலிருந்து வந்தது, புகழ் கட்டுரைக்குப் போனது. இது எனக்கு உறுத்துகிறது, உறுத்தவும் வேண்டும்.

சமீப காலத்திலும் கென்யாவின் கிலிஃபியில் தன்னார்வலருக்கு மலேரியா செலுத்திப் பார்க்கும் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. ஆனால் உள்ளூர் நெறிமுறைக் குழுவின் அனுமதி, எழுத்துச் சம்மதம் எல்லாம் உண்டு. ஒட்டுண்ணி குறிப்பிட்ட அளவைத் தொட்டதும் மருந்து கொடுத்துவிடுவார்கள், நாற்பது நாள் காத்திருப்பதில்லை.

ஆலிசனுக்கு முன் வேறு யாருக்கும் இது தோன்றவில்லையா?

தோன்றியது. வடக்கு ரொடீசியாவில், அதாவது இன்றைய ஸாம்பியாவில், பீட் என்ற மருத்துவர் கேரியர்களிடம் மலேரியா ஒட்டுண்ணி குறைவாக இருப்பதை 1946ல் குறித்திருந்தார். பிரிட்டிஷ் மரபியல் விஞ்ஞானி ஜே. பி. எஸ். ஹால்டேன், தலசீமியா என்ற இன்னொரு பரம்பரை ரத்த நோய் மத்தியதரைக் கடல் ஓரத்தில் நிலைத்திருக்க மலேரியாதான் காரணமாக இருக்கலாம் என்று 1949ல் எழுதினார். (அந்த ஹால்டேன் பிறகு இந்தியாவுக்கே குடிவந்து, இந்தியக் குடிமகனாகி, 1964ல் புவனேஸ்வரில் காலமானார்.) ஆனால் வரைபடம், குழந்தைகளின் ரத்தம், செலுத்திப் பார்த்த சோதனை என்று மூன்றையும் ஒரே முடிச்சில் கட்டியவர் ஆலிசன்தான். மனித இனத்தில் இயற்கைத் தேர்வு (பிழைக்க உதவும் மரபணு தலைமுறை தலைமுறையாகப் பெருகுவது) நடப்பதற்குப் பாடநூல்கள் முதலில் காட்டுவது இன்றும் இதைத்தான்.

இதில் நீலகிரி எங்கே வந்தது?

மேலே சொன்ன ஹெர்மன் லேமன் வழியாக. ஜெர்மனியிலிருந்து நாஜிகளுக்குத் தப்பி வந்த யூத மருத்துவர். உகாண்டாவில் வேலை செய்துவிட்டு நீலகிரிப் பழங்குடியினரின் ரத்தத்தை ஆராய்ந்து, அங்கேயும் அரிவாள் செல் உண்டு என்று கட்புஷ் என்ற ஆய்வாளரோடு சேர்ந்து 1952ல் வெளியிட்டார். இந்தியாவில் அரிவாள் செல் பற்றிய முதல் செய்திகளில் ஒன்று அது.

லேமனுக்கு எஸ் ஒரு பரம்பரை அடையாளம். யார் எங்கிருந்து எங்கே போனார்கள் என்பதை அதை வைத்துச் சொல்லலாம் என்று நம்பினார். தென்னிந்தியப் பழங்குடியினரின் மூதாதையர் வழியாக அது ஆப்பிரிக்கா போயிருக்கலாம் என்றுகூட வாதிட்டார். ஆலிசனின் கட்டுரைகள் அந்த வாதத்தின் அடிமண்ணையே எடுத்துவிட்டன. மலேரியா இருக்கும் இடத்தில் எஸ் பெருகும், இல்லாத இடத்தில் தேயும் என்றால், அதை வம்சத்தின் முத்திரையாகப் படிக்க முடியாது.

பிறந்த இடம் பற்றி இன்னும் பேச்சு ஓயவில்லை. எஸ் ஐந்து இடங்களில் தனித்தனியாகத் தோன்றியது, அதில் ஒன்று அரபு-இந்தியப் பகுதி என்பது நீண்டகாலக் கருத்து. ஷ்ரைனர், சார்ல்ஸ் ரொட்டிமி என்ற மரபணு ஆய்வாளர்கள் இருவரும் முழு மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்டு, ஒரே ஒரு முறை, சுமார் 7,300 ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவில்தான் தோன்றியது என்று 2018ல் வாதிட்டார்கள். ரொட்டிமி நைஜீரியாவில் பிறந்தவர்.

கேரியருக்கு எவ்வளவு பாதுகாப்பு? எப்படி வருகிறது?

கிலிஃபியில் டாம் வில்லியம்ஸ் குழு 2005ல் வெளியிட்ட கணக்கு தெளிவானது. கேரியர் பிள்ளைகளுக்குச் சாதாரண மலேரியாக் காய்ச்சலிலிருந்து ஏறத்தாழ 50% பாதுகாப்பு, ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிய மலேரியாவிலிருந்து 75%, உயிருக்கு ஆபத்தான மலேரியாவிலிருந்து கிட்டத்தட்ட 90%. கொசு கடிக்கும், ஒட்டுண்ணி நுழையும், ஆனால் மூளையைத் தாக்கும் அளவுக்குப் பெரும்பாலும் வளராது.

காரணம் ஒன்றல்ல. ஒட்டுண்ணி நுழைந்த கேரியர் செல் சீக்கிரம் வளைகிறது, மண்ணீரல் அதைப் பிடித்து அழித்துவிடுகிறது. ஆக்சிஜன் குறைந்த இடத்தில் எஸ் ஹீமோகுளோபின் விறைத்துக்கொள்வதால் ஒட்டுண்ணியின் வளர்ச்சி பாதியில் நிற்கிறது. ரத்தக் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ள ஒட்டுண்ணி செல்லின் மேற்பரப்புக்கு அனுப்பும் புரதமும் இங்கே சரியாக வந்து சேர்வதில்லை.

அப்படியானால் நோய் உள்ள குழந்தைக்கும் மலேரியா வராதா?

வரும், வந்தால் மிகவும் ஆபத்து. ஏற்கெனவே சோகையில் இருக்கும் பிள்ளைக்கு மலேரியா மிச்ச ரத்தத்தையும் உடைத்துவிடும். மலேரியா உள்ள நாடுகளில் இந்தப் பிள்ளைகளுக்குத் தடுப்பு மருந்தும் கொசுவலையும் கட்டாயம். “சிக்கிள் இருந்தால் மலேரியா வராது” என்று யாராவது சொன்னால், அது கேரியரைப் பற்றிய பாதி உண்மை மட்டும் என்று சொல்லிவிடுங்கள்.

இந்தக் கதையில் ஆப்பிரிக்க டாக்டர்களே இல்லையா?

இருக்கிறார்கள், ஆலிசனை மட்டும் சொல்லி முடித்தால் கதை ஊனமாகிவிடும். கானாவின் ஃபெலிக்ஸ் கொனோட்டே-அஹூலு மருத்துவர். அவர் வீட்டிலேயே இந்த நோய் இருந்தது. பெரியவர்களின் நினைவில் இருந்த பெயர்களையும் மரணங்களையும் கேட்டுக் கேட்டுத் தன் குடும்பத்தில் இந்த நோயை 1670 வரை பின்னோக்கிப் போய்க் காட்டினார். அரிவாள் செல் மேற்கத்திய மருத்துவ நூல்களில் நுழைந்தது 1910ல், சிகாகோவில் ஹெரிக் எழுதிய குறிப்பில். கானா மக்களுக்கோ அது பல நூறு வருடப் பழக்கம். அவர்கள் மொழிகளில் இந்த நோய்க்குப் பெயரும் உண்டு. அந்தப் பெயர்களில் ஒரே அசை திரும்பத் திரும்ப வரும், வலி விட்டு விட்டுக் குத்துவது போல. ‘விண் விண்ணென்று தெறிக்குது’ என்று சொல்கிற நமக்கு அது விளங்காமல் போகாது. மழையும் குளிரும் தொடங்கினால் வலி கூடும், ஒரே தாய் வயிற்றில் சிலருக்கு வரும் சிலருக்கு வராது என்பதையெல்லாம் அந்த மக்கள் கவனித்து வைத்திருந்தார்கள். வீட்டாரை உட்கார வைத்துப் பொறுமையாகக் கேட்டால் பாதி நோயறிதல் முடிந்துவிடும் என்பதை நான் என் வேலையிலும் பார்த்திருக்கிறேன்.

இன்னொருவர் குவாகு ஒஹேனே-ஃப்ரெம்பாங். கானாவுக்காக ஓடிய தடை ஓட்ட வீரர், யேல் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்தவர். அவர் மகனே இந்த நோயோடு பிறந்தான். அமெரிக்காவில் பெரிய குழந்தை மருத்துவராக இருந்துகொண்டே, 1990களில் கானாவின் குமாசியில் பிறந்த குழந்தைகள் அனைவருக்கும் அரிவாள் செல் சோதனை செய்யும் திட்டத்தைத் தொடங்கினார். 2022ல் காலமானார். நோய் இருப்பது பிறந்த உடனே தெரிந்தால் பென்சிலினும் தடுப்பூசியும் கொடுத்துக் காப்பாற்றலாம். ஒரு வயதில் நிமோனியாவோடு வரும்போது தெரிந்தால் பெரும்பாலும் தாமதம். என்னைக் கேட்டால், இத்தனை பெயர்களில் குழந்தைகளின் உயிருக்கு மிக அருகில் நின்றவர் இவர்தான்.

இதே மாதிரி வேறு மரபணுக்கள் உண்டா?

உண்டு. சிவப்பணுவைச் சேதமாகாமல் காக்கும் ஜி6பிடி என்சைமின் குறைபாட்டுக்கும் மலேரியாவுக்கும் உள்ள தொடர்பை 1960 வாக்கில் ஆலிசனே ஆராய்ந்தார். பிறகு நைஜீரியாவின் இபாடானில் லூச்சியோ லுசாட்டோ செய்த ஆய்வு அழகானது. ஜி6பிடி மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு, ஒரு செல்லில் வேலை செய்வது ஒன்றுதான் என்பதால், ஒரு பிரதி பழுதான பெண்ணின் உடலில் நல்ல செல்லும் குறைபாடுள்ள செல்லும் கலந்தே ஓடும். மலேரியா வந்த அத்தகைய சிறுமிகளின் ரத்தத்தை எடுத்து, ஒட்டுண்ணி எந்தச் செல்லில் அதிகம் என்று எண்ணினார். நல்ல செல்லில்தான் அதிகம். ஒரே ஆள், ஒரே காய்ச்சல், ஒரே சொட்டு ரத்தம். ஊர், சாப்பாடு, வறுமை என்று வேறு எதையும் காரணம் காட்ட இடமே இல்லை. 1969ல் வெளியானது.

ஏபிஓஎல்1 என்ற இன்னொரு மரபணு தூக்க நோயை உண்டாக்கும் ட்ரிபனோசோம் கிருமியிலிருந்து காக்கிறது. அதன் அந்த வடிவங்களை இரு பெற்றோரிடமிருந்தும் வாங்கியவர்களுக்குச் சிறுநீரகம் கெடும் அபாயம் கூடுகிறது. 2010ல் தெரியவந்தது.

ஆலிசன் பிற்காலத்தில் என்ன ஆனார்?

லண்டனில் பல வருட ஆராய்ச்சி, பிறகு நைரோபியில் கால்நடை நோய் ஆய்வகம், 1981 முதல் கலிஃபோர்னியாவில் ஒரு மருந்து நிறுவனம். அங்கே மனைவி எல்சி யூகியோடு சேர்ந்து செய்ததும் மரபணு நோயிலிருந்து பிறந்த யோசனைதான். ஏடிஏ என்சைம் இல்லாமல் பிறக்கும் குழந்தைகளுக்கு நோய் எதிர்ப்புச் செல்களே பெருகுவதில்லை. லெஷ்-நைஹன் என்ற வேறொரு பரம்பரை நோயில் பிறக்கும் குழந்தைகளுக்கு எதிர்ப்புச் சக்தி ஏறத்தாழ ஒழுங்காகவே இருக்கிறது. இருவருக்கும் கெட்டிருப்பது, டிஎன்ஏ கட்டத் தேவையான பியூரினை உடல் கையாளும் வழியின் வெவ்வேறு கிளைகள். அப்படியானால் எதிர்ப்புச் செல்கள் பியூரினுக்கு நம்பியிருக்கும் பாதை எது என்பது தெரிந்துவிடுகிறது. அந்தப் பாதையை மட்டும் அடைத்தால், மற்றச் செல்களை அதிகம் தொடாமல் எதிர்ப்புச் சக்தியை அடக்கலாம். இப்படிப் பிறந்ததுதான் மைக்கோஃபினோலேட் மொஃபெட்டில். சிறுநீரக மாற்று நோயாளிகளுக்காக அமெரிக்காவில் 1995ல் அனுமதி கிடைத்தது. மாற்றுச் சிறுநீரகத்தோடு நம் ஊரில் நடமாடும் எத்தனையோ பேரின் மருந்துச் சீட்டில் அது இருக்கிறது.

2014ல் கலிஃபோர்னியாவில் காலமானார்.

ஆப்பிரிக்க மக்களின் மரபணுவைத் தனியே ஆராய்வது ஏன் அவசியம்?

மனித இனம் அதிக காலம் வாழ்ந்த கண்டம் அது. ஆகவே மரபணு வேறுபாடுகளும் அங்கேதான் மிக அதிகம். ஆனால் நோய்க்கும் மரபணுவுக்கும் தொடர்பு தேடும் பெரிய ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் ஆப்பிரிக்க வம்சாவளியினர் சுமார் 3% மட்டும் என்று 2016ல் கணக்கிட்டார்கள். மருந்தின் அளவு, நோய் அபாயக் கணிப்பு எல்லாம் ஐரோப்பியரின் உடம்பை வைத்து எழுதப்பட்டால் மற்றவர்களுக்கு அது பொருந்தும் என்று எப்படிச் சொல்வது?

இதைச் சரிசெய்ய எழுந்த முயற்சிகளில் பெரியது, ஆப்பிரிக்க மக்களின் மரபணுவையும் நோயையும் ஆராய்ந்த எச்3ஆப்பிரிக்கா திட்டம். 2010ல் அறிவிக்கப்பட்டு 2022 வரை நடந்தது, ஆப்பிரிக்க ஆய்வாளர்கள் தங்கள் நாட்டிலேயே இருந்து வழிநடத்தினார்கள். அதிலிருந்து 2020ல் வந்த ஓர் ஆய்வில் 50 இன மொழிக் குழுக்களைச் சேர்ந்த வெறும் 426 பேரின் மரபணுத் தொகுதியைப் படித்தபோதே, முன்பு யாரும் பதிவு செய்யாத வேறுபாடுகள் 30 லட்சத்துக்கு மேல் கிடைத்தன. 426 பேருக்கே இவ்வளவு. ரத்தத்தை வாங்கிக்கொண்டு விமானம் ஏறுவது ஆலிசன் காலத்து முறை. அது மாறத் தொடங்கியிருப்பதை நான் மனதார வரவேற்கிறேன்.

காரணம் தெரிந்து 70 வருடமாகியும் குழந்தைகள் ஏன் இறக்கிறார்கள்?

உலகில் வருடத்துக்கு மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் இந்த நோயோடு பிறக்கின்றன. அவற்றில் பெரும்பங்கு சகாராவுக்குத் தெற்கே. அங்கே ஐந்து வயதைத் தாண்டாமல் இறப்பவை பாதிக்கு மேல் என்பது மதிப்பீடு. பலருக்கு நோயின் பெயர்கூடத் தெரியாது, ஏனெனில் யாரும் சோதித்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

மருந்து இல்லாமல் இல்லை. ஹைட்ராக்சியூரியா என்ற பழைய, விலை குறைந்த மாத்திரை, கருவில் இருந்தபோது ஓடிய ஹீமோகுளோபினை மீண்டும் கூட்டுகிறது. அது எஸ் ஒட்டிக்கொள்வதைத் தடுக்கும். மலேரியா உள்ள ஊரில் கொடுத்தால் ஆபத்தாகுமோ என்ற பயம் இருந்தது. அங்கோலா, காங்கோ, கென்யா, உகாண்டா நான்கு நாடுகளில் 600க்கு மேற்பட்ட குழந்தைகளைச் சேர்த்து நடந்த ‘ரீச்’ ஆய்வு அந்தப் பயத்தைப் போக்கியது. வலி குறைந்தது, ரத்தம் ஏற்றுவது குறைந்தது, மரணம் குறைந்தது, மலேரியாவும் குறைந்தது. 2018 டிசம்பரில் முடிவு வெளியானது.

இன்னொரு பக்கம், மரபணுத் திருத்தச் சிகிச்சைக்கு 2023 இறுதியில் பிரிட்டனும் அமெரிக்காவும் அனுமதி கொடுத்தன. அமெரிக்காவில் அதன் விலை ஒரு நோயாளிக்கு 22 லட்சம் டாலர். விஞ்ஞானமாகப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடத்தக்க சாதனை. ஆனால் கம்பாலாவில் ரத்தம் கொடுத்த அந்த 290 குழந்தைகளின் பேரப் பிள்ளைகளுக்கு இன்று தேவை பிறந்தவுடன் ஒரு சோதனை, பென்சிலின், ஹைட்ராக்சியூரியா, கொசுவலை. இவை மருந்துக்கடை விலையில் கிடைப்பவை. கிடைக்கவில்லை என்றால் அது விஞ்ஞானத்தின் குறை அல்ல.

என் ரிப்போர்ட்டில் ‘கேரியர்’ என்று வந்திருக்கிறது. நான் என்ன செய்ய வேண்டும்?

உங்களுக்கு மருந்து எதுவும் தேவையில்லை. வெயிலில் கடும் வேலை செய்யும்போது தண்ணீர் நிறையக் குடியுங்கள். மயக்க மருந்து கொடுக்கப் போகும் டாக்டரிடம் சொல்லுங்கள். கல்யாணம் பேசும்போது எதிர்த் தரப்புக்கும் ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். இருவரும் கேரியர் என்றால் கல்யாணமே கூடாது என்பதில்லை, கர்ப்பமானதும் சீக்கிரம் ஆலோசனைக்கு வர வேண்டும், குழந்தை பிறந்ததும் சோதிக்க வேண்டும். பெண் கேரியர் என்று சம்பந்தத்தை முறித்துவிட்டு, மாப்பிள்ளைக்குச் சோதனையே செய்யாத வீடுகள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், மரபணு இரண்டு பக்கமிருந்தும்தான் வருகிறது. ரிப்போர்ட்டை லேமினேட் செய்து ரேஷன் கார்டோடு வைத்துக்கொள்ளுங்கள். தம்பி, தங்கைகளையும் ஒரு நாள் கூட்டிக்கொண்டு வாருங்கள், காலையில் வந்தால் கூட்டம் இருக்காது.